இடது பக்கம் அடுக்கிய சமையலறை

என்னங்க,

சந்தோஷத்துல அவசரமா எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதீங்க. புதுசா குடிவந்த டீச்சர் வீட்டுச் சமையலறையை இன்னைக்கு நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். காசு வாங்கிக்கிட்டு! வீட்டுல சாமானை இடம் மாத்தினா 'டப்பா ராணி'ன்னு கேலி பண்ணுவீங்களே, அதே வேலைதான்.

எல்லாம் முடிஞ்சு அவங்க டீ போட்டாங்க. பார்த்தா, இடது கையால வடிகட்டுறாங்க! நான் எல்லாத்தையும் வலது பக்கமா வச்சிருக்கேன். "கொஞ்சம் நகருங்க"ன்னு மொத்தத்தையும் இறக்கி மறுபடி அடுக்கினேன். அப்புறம் கரண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காம எடுத்தாங்க. "என் கையை இதுவரைக்கும் யாரும் கவனிச்சதில்லை"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

நாளைக்கு மாடிவீட்டுல கூப்பிட்டிருக்காங்க.

அப்புறம், ஆபீஸ் நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. அங்க என் நாற்காலியில வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க. திட்டணும்னா வீட்டுக்குப் போன் பண்ணுங்க, ஆனா சாயங்காலமா. பகல்ல நான் வேலையில இருப்பேன்.

உங்க,
டப்பா ராணி