சந்தனம் வெச்ச ரைபிள்

என்னங்க,

போன்ல பேசினா மறுபடி கத்திடுவேன். அதான் எழுதி உங்க டிபன் டப்பா மேல வெச்சிருக்கேன்.

ஆயுத பூஜைக்கு என் ரைபிளுக்குச் சந்தனம் வெக்கச் சொல்லி யார் கேட்டா? கண்ணாடியில படக்கூடாதுன்னு, குறி பார்க்கிற ஸ்கோப்பை வேற கழட்டிட்டீங்க. ஞாயித்துக்கிழமை போட்டி. குறி மாறிப்போச்சேன்னுதான் உங்க அம்மா எதிர்ல அப்படிப் பேசிட்டேன். நீங்க சுண்டல்கூடத் தொடாம கடைக்குக் கிளம்பிட்டீங்க.

திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன். கழட்டறதுக்கு முன்னாடியே, ஸ்கோப் உக்கார்ந்திருந்த இடத்துல என் கண்மைப் பென்சிலால கோடு போட்டிருக்கீங்க. அந்தக் கோட்டுலயே வெச்சு, திருகாணிகளை மாத்தி மாத்திக் கொஞ்சங்கொஞ்சமா முறுக்கினேன். வேங்கிக்கால் கிளப்புல சுட்டுப் பார்த்தா, எல்லாமே நடுவுல விழுந்துச்சு. போன உசுரு வந்துச்சு.

கோடு போட்டதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நான் எங்க பேச விட்டேன்!

சந்தனத்தை இன்னும் துடைக்கலை. போட்டிக்கு அதோடதான் போறேன். நீங்களும் வாங்க.

உங்க வீட்டுக்காரி