ஓனர் வீட்டுக்குத் தனி லைன்

மார்ச் 4

வாசல் சுவரில் புதுப் பலகை. "இக்கட்டடத்தில் இணையம் இலவசம்." அப்பாவின் ஏற்பாடு. வாடகையில் சேர்த்துவிட்டு அதற்கு இலவசம் என்று பெயர் வைப்பது — அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் பல் கூசுகிறது.

மார்ச் 9

இரண்டாம் மாடி அக்கா மேலே வந்தார். அவருக்குக் காது கேட்காது. மாலைகளில் வீடியோவில் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறார்; அதுதான் அவருடைய சம்பளம். போனில் தட்டி நீட்டினார்.

"வகுப்பு நடுவுல படம் உறைஞ்சு போகுது. உங்களுக்குப் படம் போனாலும் குரல் மிச்சம் இருக்கும். எனக்குப் படம் போனா ஆளே இல்லை."

அப்பா வாயை அகலத் திறந்து கத்தினார்: "நம்ம வீட்ல நல்லாத்தானேம்மா வருது!"

கத்தினால் கேட்கும் என்று இவருக்கு யார் சொன்னது?

அக்கா சிரித்துவிட்டு மறுபடி தட்டினார். "உங்க வீட்ல வரட்டும் சார். நான் வேற கம்பெனி லைன் போட்டுக்கறேன். என் காசு."

முடியாதாம். ஒப்பந்தம். ஐந்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனி வயரும் கட்டடத்துக்குள் வரக்கூடாது. கையெழுத்துப் போடுமுன் குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன்.

"என் கட்டடத்துக்கு நான் யாரைடி கேக்கணும்?"

மார்ச் 10

போன் சிக்னல் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கட்டும் என்கிறார் அப்பா. போய்ப் பார்த்தேன். அக்கா வீடு பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. சிக்னல் ஒரே ஒரு கோடு, அதுவும் குளியலறையில். வாளிக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தச் சொல்வோமா?

மார்ச் 15

கம்பெனி ஆள் வந்தார். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தார். தனியாக மேலே போன ஒரு மஞ்சள் வயரைக் காட்டி, இது எங்கே போகிறது என்றேன்.

"உங்களுதுதான் மேடம். ஓனர் வீட்டுக்குத் தனி லைன். மத்த எல்லாரும் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கறாங்க. சாயங்காலம் எல்லாரும் வந்து உக்காந்தா இழுக்கத்தான் செய்யும்."

"எல்லாக் கட்டடத்துலயும் இப்படியா?"

"பின்னே? ஓனர் வீட்ல நல்லா வந்தா, கீழ யார் கத்தினாலும் எடுபடாதுல்ல."

மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார். அவர்மேல் கோபம் வரவில்லை. எல்லாக் கோபத்தையும் மேலே கொண்டுபோனேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது! "ஓனருக்குன்னு ஒரு மரியாதை பண்றாங்க. வேணாம்னா சொல்வாங்க?"

அதிகாரத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேடே எழுதியவள் நான். ஒரு மேற்கோள்கூட உதவிக்கு வரவில்லை. "அசிங்கமா இருக்குப்பா" — அவ்வளவுதான் வந்தது.

அம்மா உள்ளிருந்து: "சாப்பிட்டுட்டுக் கோபப்படு. வெறும் வயித்துல தாங்காது."

மார்ச் 19

அக்காவின் வகுப்பு மறுபடியும் அறுந்துவிட்டது. அவர் பாடம் நடத்தும் நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை: இன்னொரு முறை நடந்தால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

அப்பாவிடம் சொன்னேன். "பாவம்தான்" என்றார். என்றுவிட்டுச் செய்தியின் சத்தத்தைக் கூட்டினார்.

பாவமா? இடறி விழுந்தவளைப் பார்த்தால் பாவம் எனலாம். காலை நீட்டித் தடுக்கியவரே சொல்லலாமா?

மார்ச் 20

அக்காவிடம் போனேன். எங்கள் கூடத்துக்கு வாருங்கள், அங்கிருந்து நடத்துங்கள் என்று தட்டிக் காட்டினேன்.

முகம் இறுகியது. "உங்க அப்பா சோபாவுல உக்காந்து நான் பிச்சை எடுக்கணுமா?"

"பிச்சை இல்லக்கா. முற்றுகை."

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முகத்துக்கு வெளிச்சம் போடும் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார்.

மார்ச் 21

அப்பா செய்தி பார்க்கும் நேரம். அக்கா வந்தார், தலையசைத்தார், மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீடு தேடி வந்த பெண்ணை எழுந்து போ என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு வராது. அது எனக்குத் தெரியும். அங்கேதான் அடித்தேன்.

அப்பா மரியாதையாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அக்காவுக்குக் கேட்காது என்பது உறைத்ததும் மறுபடி கூட்டினார். அக்கா திரும்பி, விரலால் அவர் பனியனைக் காட்டி, பிறகு திரையைக் காட்டினார். மாணவர்கள் அத்தனை பேரும் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து போனார்.

வகுப்பு அறுபடவில்லை. ஒரு தடவைகூட.

மார்ச் 24

சேதி பரவிவிட்டது. பரப்பியது நான். முதல் மாடியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர் மடிக்கணினியோடு வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் அண்ணனும் தங்கையும். சாப்பாட்டு மேசை நிரம்பித் தரையும் பாதி நிரம்பியது.

"இது வீடா, சத்திரமா?" — அம்மா, தேநீர்த் தட்டோடு. குரலில் சலிப்பே இல்லை.

அப்பா படுக்கையறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "எத்தனை நாளைக்குடி இந்தக் கூத்து?"

"ஒப்பந்தம் அஞ்சு வருஷம்ப்பா."

மார்ச் 26

அப்பா என்னோடு பேசுவதில்லை. நானும் அவரோடு.

மார்ச் 28

அப்பா கம்பெனிக்கு போன் செய்தார். கீழ்வீடுகளில் இழுக்கிறதாம், பாருங்கள் என்று. உங்கள் வீட்டில் ஒரு குறையும் காட்டவில்லையே சார் என்றார்களாம்.

"நான் சொல்றதை நம்பவே மாட்டேங்கறான்" என்று அம்மாவிடம் பொருமினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்திருப்பேன். ஆனால் கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு போன் செய்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஏப்ரல் 2

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. படுக்கையறையில் அம்மா தூங்குகிறாள். அப்பா அக்காவிடம் போய் வீட்டுச் சாவி கேட்டார், கையால், தப்புத் தப்பாக. அக்கா வகுப்பை நிறுத்தாமலே அவர் விரல்களைத் திருத்திக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கீழே போய் நிம்மதியாகச் செய்தி பார்ப்பாராம்.

வெகுநேரம் திரும்பவில்லை. இறங்கிப் போனேன்.

கதவு திறந்திருந்தது. அக்காவின் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சாய்த்து வைத்த அவருடைய டேப்லெட்டில் செய்தி வராமல் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. காதில் போன். நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"இல்லம்மா, ஓனர் பேசலை. ரெண்டாம் மாடியிலேர்ந்து பேசறேன். இங்க ஒண்ணுமே வரலை."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"பரவால்லம்மா, இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிட்டார்கள். படிக்கட்டுவரை கேட்டது.