வேலிக்குள்ள நிக்கிற கிணறு

தவக்காலம், இரண்டாம் கிழமை. செவ்வாய் இரவு.

லண்டனில போட்ட நாடகத்தின்ர வீடியோவை இண்டைக்கு றோசலீன் அக்காவுக்கு என்ர போனில காட்டினன். போன வருசம் அதை எழுதின நாடகக்காரி இஞ்ச வந்து, சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி மீளக்குடியேறின பெண்களிட்டக் கதை கேட்டவ. அக்கா சொன்னதை இங்கிலிசில சொன்னது நான்தான்.

அண்டைக்கு அக்கா அழவேயில்லை. தன்ர கிணறு ஆமி முகாம் வேலிக்குள்ள நிக்குது, அதைத் தரச் சொல்லுங்கோ எண்டு கத்தினவ. ஆரார் கேட்டுக்கொண்டு நிக்கினமோ எண்ட பயத்தில, "தண்ணிக்குக் கஷ்டப்படுறா" எண்டு மட்டும் சொல்லிவிட்டன். பிறகு நாடகக்காரி ஒரு பாட்டுக் கேட்டா. அக்கா பெரிய வெள்ளி ஒப்பாரியைப் பாடினா. அதைக் கேட்டு நாடகக்காரி அழுதா. ஆருக்கான ஒப்பாரி எண்டு விளக்கி அந்த அழுகையைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.

மேடையில அக்காவா நடிச்ச பிள்ளை, செத்த புருசனுக்காக அதே ஒப்பாரியைப் பாடினா. அக்கா சிரிச்சுப்போட்டா.

"இது மாதா யேசுவுக்கு அழுறதெல்லே? என்ர மனுசன் கடக்கரையில வலை தைச்சுக்கொண்டிருக்கிறார்."

பிறகு சிரிப்பை விட்டிட்டுக் கேட்டா, "கிணத்தைப் பற்றி எப்ப சொல்லுவா?"

"இனித்தான் வரும், அக்கா" எண்டன்.

வராது எண்டு எனக்குத் தெரியும். லண்டன் சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. வீடியோ முடிஞ்சுது. அக்கா போனைத் திருப்பித் தரேல்லை. கறுத்துப்போன திரையைப் பாத்துக்கொண்டே இருந்தா.