நான் காணாத கையெழுத்து

அக்கா,

உங்கள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தபின், நேற்று உங்கள் மகள் உங்களுடைய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து தந்தாள். மழையில் நனைந்திருந்தது. அந்த ஈரக் கம்பளி மணத்தோடுதான் கவுண்டி கோர்ட்டின் நடைக்கூடம் எனக்கு நினைவில் இருக்கிறது. உள்ளே ஹீற்றர் எரிந்தும் அன்று நீங்கள் அதைக் கழற்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். உங்கள் கணவர், நான் அண்ணை என்றழைத்தவர், தன் கடைக்காக, உங்கள் இருவர் பேரிலும் இருந்த தோர்ண்டன் ஹீத் வீட்டை இரண்டாந்தரமும் ஈடு வைத்திருந்தார். கடை மூடப்பட்டதும் கனடாவிலிருந்த தம்பியிடம் போய்விட்டார். இருபத்தெட்டு நாளில் வீட்டை வங்கியிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்ற உத்தரவு வந்தது. வழக்கு நடந்ததே தெரியாது என்றீர்கள். போகும்வரை கடிதங்களையெல்லாம் அவரே பிரித்தாராம். நான் பாதிதான் நம்பினேன்.

உங்கள் வழக்கறிஞர் ஈட்டுப் பத்திரத்தின் பிரதியை வரவழைத்தார். அதில் உங்கள் கையெழுத்து. அது தன் முன்னிலையில் இடப்பட்டதென்று கீழே ஒப்பமிட்டிருந்த சாட்சி நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "அவ கையெழுத்து வைச்சிட்டா. சாட்சிக்குப் படிச்ச ஆள் ஒண்டு வேணுமாம்," என்றார். பஸ் ரிக்கெற்றின் பின்புறத்தையும் வாசிக்கிறவள் நான். ஆனாலும், அக்கா எங்கே என்று கேட்டால் அவரைக் கள்ளனாக்கியதாகிவிடும் என்று நினைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கையெழுத்திட்டதை நான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தால் உத்தரவை நீக்கக் கேட்கலாம் என்றார் வழக்கறிஞர். வெளியே வந்தபோது எனக்கு எல்லார் மீதும் ஐயம். வங்கி ஏன் உங்களை ஒருமுறையும் அழைத்துக் கேட்கவில்லை? அண்ணை ஏன் என்னைத் தேடி வந்தார்? உத்தரவு வந்ததும் நீங்கள் ஏன் முதலில் என்னிடமே வந்தீர்கள்? அந்தக் கையெழுத்தோ, எனக்கு நீங்கள் அனுப்பும் பொங்கல் வாழ்த்து அட்டையில் உள்ளதைப் போலவே இருந்தது.

"உண்மையாச் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் வைக்கேல்லையோ?"

"நீர் கண்டனீரோ?"

"இல்லை."

"அப்ப அதைச் சொல்லும்."

விசாரணையன்று, காணாததைக் கண்டதாக எழுதுவது என் வழக்கமா என்று வங்கியின் வழக்கறிஞர் மரியாதையாகக் கேட்டார். ஒருமுறை செய்தேன் என்றேன். நீதிபதி உத்தரவை நீக்கி, வழக்கை முழுதாக விசாரிக்கச் சொன்னார். அந்த முழு விசாரணைக்கு முன்பே வங்கி, அண்ணையின் பாதிப் பங்குக்கு மட்டும் தவணை வாங்கிக்கொள்ள இணங்கியது. வீட்டை விட்டு நீங்கள் போகவேண்டி வரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் தலையணையைச் சரிசெய்தபோது என் முகத்தையே பார்த்தீர்கள்.

"உமக்கு இன்னும் அந்தச் சந்தேகம்தான், என்ன?"

"ஓம், அக்கா."

"இருக்கட்டும். அது இல்லாட்டி உமக்குப் பொழுது போகாது." சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

அண்ணை பொய்யாக இட்டிருந்தால், உங்கள் வீட்டைக் காக்க உதவியிருக்கிறேன். நீங்களே இட்டிருந்தால், என் சத்தியத்தின் பின்னால் உங்கள் பொய் ஒதுங்கி நின்றிருக்கிறது. எதுவானாலும் அன்று நான் சொன்னது உண்மை. ஐம்பதை நெருங்கும்போது அது எனக்குப் போதவில்லை. அந்தக் கட்டிலருகே இன்னொருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்றே இப்போது சந்தேகிக்கிறேன்.