வெளிய போயிட்டு வந்துர்றேன்

"மறதிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம் லா," என்று மனைவி அன்னம்மா நேற்றுச் சொன்னதும், சிவநேசன் கத்திவிட்டுத் தட்டைத் தள்ளி எழுந்துபோனார். முப்பது வருடம் லோரி ஓட்டியவருக்கு அந்தப் பேச்சே அவமானமாக இருந்தது. காலையில் அவள் புக்கிட் பெருந்துங்கில் வேலைக்குப் போன பிறகுதான் மனம் இளகியது. கோலா குபு பாருவுக்குப் போய், தானே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். அவளுக்குச் சீட்டு எழுதும்போது அதை எழுத மட்டும் கை கூசியது.

"அன்னம், வெளிய போயிட்டு வந்துர்றேன். சோறு வடிச்சிட்டேன், மீன் கறிய சூடு பண்ணிக்க. சாவிய பக்கத்து வீட்டு நித்தியாகிட்ட குடுத்துட்டுப் போறேன். கேஸ் வந்தா அவளே வாங்கி வெப்பா. நேத்து கத்துனத மனசுல வெச்சுக்காத."

சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி மோட்டாரைக் கிளப்பினார். ரோட்டு முனைவரை போனவருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து, நித்தியாவிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, சீட்டை இரண்டு தடவை படித்தார். சோறு இருந்தது, சாவி இருந்தது, கேஸ் இருந்தது. போகிற இடம் மட்டும் அதில் இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார்.

"அன்னம், நான் போகல. எங்க கெளம்பினேன்னு தெரியல. நேத்து நீ எங்கயோ வரச் சொன்ன மாதிரி இருக்கு. வரேன். நீ வந்து கூட்டிட்டுப் போ."