வீட்டுக்காரம்மாவிடம் இருந்த சாவி

கோம்பை,
சனிக்கிழமை.

யாழினியின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். இரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவிட்டீர்களா? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் பாதியில் நிறுத்திய வீட்டு விஷயம் முடிந்துவிட்டது, கவலை வேண்டாம். ஜெபமாலை மாதமென்று இந்தத் தெருவில் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, வீடு வீடாக எடுத்துச் செல்கிறார்கள். நான் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போயிருந்தபோது வீட்டுக்காரம்மா வியாகுலமேரி தன்னிடமிருந்த சாவியால் என் வீட்டைத் திறந்து, தெருவையே உள்ளே அழைத்து ஜெபம் நடத்திவிட்டார். தலைக்கு மேலே கொடியில் என் உள்பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

திரும்பி வந்து கேட்டேன்.

"மாதா வந்துருக்காக, பூட்டுன வாசல்ல நிக்க வைக்கவா டீச்சர்?"

"நான் இருக்கும்போது கூட்டிட்டு வாங்க. உள்ள வர ஒரு நாள் முன்னாடியே சொல்லணும்னு சட்டமே இருக்கு."

"எங்க வீட்டுக்குள்ள நான் வாரதுக்குச் சட்டமா?"

சட்டம் இந்தத் தெரு வரை வரும் என்று எனக்கும் நம்பிக்கையில்லை. வேறு வீடு தேட வேண்டியதுதான் என்றிருந்தேன். இன்று காலை கதவு தட்டும் சத்தம். வியாகுலமேரி வெளியிலேயே நின்று சாவியை நீட்டினார்.

"சென்னையில வாடகைக்கு இருக்குற எம் மகட்ட சொன்னேன். 'இங்கன என் ஓனர் இப்படி நுழைஞ்சா நீ சும்மா இருப்பியா'ன்னு கேட்டு போனை வச்சுட்டா டீச்சர்."

இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாகத் துணி காயப்போட்டேன்.

அந்தச் சாவியை இதனுடன் அனுப்புகிறேன். நீங்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வரும்போது ஒரு தம்ளர் கொண்டுவாருங்கள். இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

கூரியர் கடை மூடும் நேரம், கிளம்புகிறேன்.

திலகவதி