மேல்வீட்டுக்காரர் குறைத்த கால்பங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாய், அதனால் பதிலை நம்பாமல்தான் கேட்கிறேன்.

முழங்கால் ஏன் வீங்கியது என்று போனில் கேட்டாயே, அப்பா பக்கத்தில் நின்றதால் வயசு என்று மழுப்பிவிட்டேன். உண்மை வேறு. கோடையில் நம் கட்டடத்துக்கு மின்சாரம் போதவில்லை. அடுத்த மாதம் எல்லார் மீட்டரையும் பார்க்கப்போறோம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்னார். உன் அப்பா அதைப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு மாதம் முழுக்க ஃபிரிட்ஜைக்கூட அணைத்து வைத்தார். மேல்வீட்டு கான்ட்ராக்டரோ ஜன்னலைத் திறந்துபோட்டு மூன்று ஏசியையும் ஓட்டினார். அப்புறம்தான் வந்தது சட்டம், அந்த மாதம் எரித்ததில் ஒவ்வொரு வீடும் கால்பங்கு குறைக்கணுமாம், எல்லோருக்கும் ஒரே நியாயமாம். கான்ட்ராக்டர் செயலாளருக்கு மைத்துனர் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் ஒரு ஏசியை அணைத்தார், ஊருக்கே உத்தமர் ஆகிவிட்டார். நமக்கு அணைக்க என்ன இருக்கிறது? வாக்குக் கொடுத்தாச்சு என்று உன் அப்பா என் தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டார், நான் காலால் மிதிக்கிறேன். அந்தச் செயலாளர் படியில் பார்த்து, கால் எப்படிம்மா இருக்கு என்று விசாரிக்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ வேலை செய்கிற நாடு புகையை எவ்வளவு குறைக்கப்போகிறது என்ற உறுதிமொழியை உன் ஆபீஸில்தானே எழுதுகிறீர்கள். எல்லா நாடும் ஒரே அளவு குறைச்சா அதுதாம்மா நியாயம் என்று போன வாரம் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உன்மேல் சந்தேகமில்லை, உனக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல்தான். பொய் சொல்வானேன், உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. எந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறீர்கள்? அந்த வருஷத்தைப் பொறுக்கியது யார்? தலைமுறை தலைமுறையாகப் புகைவிட்டுச் செழித்த நாட்டுக்கும் இப்போதுதான் வீட்டுக்கு வீடு விளக்குப் போடுகிற நாட்டுக்கும் ஒரே பங்கா? நான் படிக்காதவள்தான், ஆனால் ஒரே அளவு என்று யாராவது இனிக்க இனிக்கச் சொன்னால் இப்போதெல்லாம் என் முழங்கால் வலிக்கிறது.

எல்லா நாடும் கூடுகிற பெரிய கூட்டத்தில் அந்த உறுதிமொழியை வாசிக்கப்போவது நீதான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் பெருமைதான் கண்ணு, இல்லாமலா. வாசித்து முடித்ததும் கை தட்டுவார்கள். தட்டுகிறவர்களை விடு, தட்டாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்று பார். நான் அங்கே வந்திருந்தால் அவர்கள் வரிசையில்தான் எனக்கு இடம் போட்டிருப்பார்கள்.

நீ நன்றாக இருக்கவேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஈரத்தலையோடு ஏசியில் உட்காராதே. வாசிக்கப் போவதற்கு முன் போன் பண்ணி அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்டு, வாழ்த்துவதா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா